விலக்கு வேண்டாம், தமிழ் சொல்லிக் கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை அதிகாரிகளுக்கும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ராணுவ வீட்டுப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜூலையிலும் ஆகஸ்டிலும், சில சமயம் நவம்பரில்கூட, வெளிமாநில டிசியும் கையுமாக உங்கள் அறை வாசலில் வந்து நிற்கும் அம்மாக்களை ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். வேலூர்ப் பக்கத்துத் தலைமையாசிரியர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று அழைக்கும் மாவட்டம் எங்களுடையது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்குத் தமிழ்ப் பாடத்திலிருந்து விலக்கு வேண்டாம். தமிழ் சொல்லிக் கொடுங்கள். நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு ஓராண்டு தனியாகத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து, அதன் பிறகு மற்றவர்களோடு சேர்த்துத் தேர்வு வையுங்கள். அதற்கு ஓர் அரசாணை வேண்டும்.

இந்த மடலை எழுத வைத்தது என் தம்பியின் விஷயம். அப்பா ராணுவத்தில் ஹவில்தார். போன ஆண்டு வரை பீஸ் ஸ்டேஷன், அதாவது குடும்பத்தோடு இருக்கக்கூடிய இடம், ஜபல்பூரில் குவார்ட்டர்ஸ். இப்போது அவருக்கு ஃபீல்டு போஸ்டிங், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அப்பாவின் பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்டில் எழுதிய கறுப்பு ட்ரங்குப் பெட்டிகளோடு அம்மாவும் தம்பியும் ஊருக்கு வந்தார்கள். ஜூலையில் அவனை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றுக்குப் போனோம்.

தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். தம்பியிடம் நாலு கேள்வி கேட்டார். அவனும் நம் ஊர்ப் பேச்சிலேயே பதில் சொன்னான். "பையன் நல்லாப் பேசுறானே" என்று மேசையில் இருந்த நாளிதழை நீட்டி ஒரு வரி படிக்கச் சொன்னார். தலைப்பில் இருந்த 'மழை' என்ற சொல்லில் முதல் எழுத்தோடு நின்றுவிட்டான். அப்புறம் எங்கள் முன் இரண்டு வழிகளை வைத்தார். ஏழாம் வகுப்பில் உட்காரட்டும். இல்லையென்றால் விலக்கு கேட்டு எழுதிக் கொடுங்கள், இந்தி எடுத்துக்கொள்ளட்டும், மார்க்கும் வரும்.

அம்மா சொன்ன பதில் இது: "இந்தி படிக்கணும்னா ஜபல்பூர்லயே இருந்திருப்போமே சார். தமிழ் படிக்கட்டும்னுதானே கூட்டிட்டு வந்தேன்."

அவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை. "அப்படித் தனியா வகுப்பு நடத்த எங்ககிட்ட ஆர்டர் எதுவும் இல்லம்மா" என்றார். அந்த ஆர்டரைத்தான் கேட்கிறேன்.

அம்மாவின் பிடிவாதத்தால் தம்பி ஒன்பதாவதிலேயே சேர்ந்தான். தமிழ் வகுப்பில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எல்லோரும் எழுதுகிறார்கள். இவனும் எழுதுகிறான், இந்தி எழுத்தில். தன்வினையும் பிறவினையும் அவன் நோட்டில் தலைக்கு மேல் கோடு போட்ட எழுத்தில் இருக்கின்றன. அவன் படித்த இந்தியில் ழ இல்லை, ற இல்லை. நகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரே எழுத்துதான். வீட்டுக்கு வந்து திருப்பிப் படிக்கும்போது எந்த இடத்தில் எந்த எழுத்து வர வேண்டும் என்று அவனுக்கே தெரிவதில்லை. 'காகம்' என்ற சொல்லில் முதலில் வரும் ஒலியும் அடுத்து வரும் ஒலியும் வேறாக இருக்க, இரண்டுக்கும் ஏன் ஒரே ககரம் என்று கேட்கிறான். இங்கேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி தோன்றாது. நாலு ககரம் எழுதிப் பழகி வந்தவனுக்குத் தோன்றாமல் இருக்காது. அதற்கு நின்று பதில் சொல்ல ஒன்பதாம் வகுப்பு ஆசிரியருக்கு நேரம் இல்லை. அவருக்கு முடிக்க வேண்டிய பாடம் இருக்கிறது.

காலாண்டுத் தேர்வு வந்தது. மனப்பாடப் பகுதிக்கான செய்யுளையும் குறளையும் அம்மா சொல்லச் சொல்லக் கேட்டே பாடம் செய்திருந்தான். முதல் நாள் இரவு ஒரு சீர் பிசகாமல் ஒப்பித்தான். தேர்வு அறையில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று போட்டுவிட்டு, மீதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தான். வாயில் இருந்த குறளை அவனால் கையால் எழுத முடியவில்லை. விடைத்தாளைப் பார்த்தவர்கள் பையன் படிக்கவே இல்லை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சட்டம் எனக்குப் புரியாமல் இல்லை. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006-ல் வந்த தமிழ் கற்கும் சட்டத்தை முழு மனதோடு ஏற்கிறேன். 2006-07-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பை எட்டியது. சிபிஎஸ்இ பள்ளிகளிலும் அதே முறையில் தமிழ் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஒன்றாம் வகுப்பில் இங்கே சேர்ந்து இங்கேயே மேலே வரும் பிள்ளையை மனதில் வைத்துப் போட்ட படிக்கட்டு. ஒன்பதாவது படியில் வந்து நிற்பவனுக்கு ஏறி வர வழி இல்லை. விலக்கு என்பது அவனை வேறு வாசலால் வெளியே அனுப்புவதுதான்.

2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்படும் பிள்ளை மற்றவர்களை எட்டிப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு என்று அதன் விதிகள் சொல்கின்றன. டிசி வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் இதெல்லாம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. என் தம்பி ஒரு வகுப்பு தள்ளி வந்துவிட்டான். எட்டாவது வரை உரிமையாக இருப்பது ஒன்பதாவதில் கேட்டுப் பெற வேண்டிய சலுகைகூட இல்லை என்றால் எப்படி?

எனக்கும் இதே நிலைதான் இருந்தது. தம்பிக்கு முன்பே நான் ஊருக்கு வந்தபோது பெரிய வகுப்பில் இருந்தேன். விலக்கு கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். மார்க் வந்தது. கல்லூரிக்கு வந்த பிறகு பேருந்துப் பலகையைப் படிக்கப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வெட்கப்பட்டு, அம்மாவிடம் உட்கார்ந்து உயிரெழுத்திலிருந்து கற்றேன். இன்று டிஎன்பிஎஸ்சி தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது, பத்தாம் வகுப்புத் தரத்தில். அதில் 40 விழுக்காடு எடுக்காதவரின் மற்ற விடைகள் கணக்கில் வராது. தமிழ்நாட்டில் அரசு வேலை பார்ப்பவருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பது சரிதான். அப்படியானால் பள்ளியில் "உனக்குத் தமிழ் வேண்டாம், போ" என்று அனுப்பிவிட்டு, ஏழெட்டு ஆண்டு கழித்து "தமிழ் எங்கே?" என்று கேட்பது எந்த நியாயம்? அன்று விலக்கு கொடுத்ததும் அரசின் விதி, இன்று தாள் வைப்பதும் அரசின் விதி. நடுவில் கற்றுக்கொடுக்கத்தான் எந்த விதியும் இல்லை.

இந்தத் தொல்லை அதிகாரி வீட்டுப் பிள்ளைகளைவிட சிப்பாய், நாயக், ஹவில்தார் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். 15 ஆண்டு பணி முடித்தால் ஜவானுக்கு ஓய்வூதியம் உண்டு. இருபது வயதுக்குள் சேர்ந்தவர் நாற்பதை எட்டும் முன்பே பென்ஷன் புத்தகத்தோடு ஊர் திரும்பிவிடுகிறார். அப்போது பிள்ளைகள் ஐந்தாவதிலோ எட்டாவதிலோ இருப்பார்கள். அவர்கள் திரும்பி வரும் ஊர் சொந்த ஊர். அங்கேதான் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக நிற்கிறார்கள்.

கொஞ்சம் மனம் விட்டுப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 7 கொடிநாள். பள்ளிதோறும் உண்டியல் வரும், பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொள்வார்கள், படைவீரர் குடும்பங்களுக்காக நிதி திரட்டுவார்கள். சுதந்திர தினத்தன்று முன்னாள் ராணுவத்தினரை அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். அந்த மரியாதை உண்மையானது, அப்பா அதை மதிக்கிறார். ஆனால் நவம்பரில் எல்லையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு நாயக்கின் மகளிடம் "அட்மிஷன் முடிஞ்சுது, அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லும்போதும், வெளிமாநிலப் பிள்ளைக்கு எமிஸ் எண் (கல்வித்துறையின் மாணவர் பதிவு எண்) இல்லை என்று நாள் கணக்கில் அலைய விடும்போதும் அந்தப் பொன்னாடை எங்களுக்குப் பாரமாக இருக்கிறது. அமெரிக்காவில் படைவீரர் பிள்ளைகளின் படிப்புக்காகவே மாநிலங்களுக்கிடையே ஓர் உடன்படிக்கை இருக்கிறது. 2008-ல் நடைமுறைக்கு வந்தது, இன்று 50 மாநிலங்களும் அதில் உண்டு. மூலச் சான்றிதழ் வரும்வரை காக்க வைக்காமல், கையில் கொண்டுவரும் நகலை வைத்தே பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். இந்தியா முழுமைக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, அது பெரிய பேச்சு, உங்கள் கையில் மட்டும் இல்லாதது. உங்களால் முடிந்ததைக் கேட்கிறேன்.

புதிதாக நூல் எழுத வேண்டியதில்லை. வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் வாழும் தமிழர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க 2022-ல் தமிழ்ப் பரப்புரைக் கழகத்தை அரசே தொடங்கியிருக்கிறது. பேசத் தெரிந்து எழுதத் தெரியாத பிள்ளைகளுக்கான பாடத்தை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடவும் வேண்டாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகக் குடும்பங்களுக்குச் சொன்னால் போதும். ஒவ்வொரு பள்ளியிலும் நடத்த ஆள் இல்லையென்றால் ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியில் சனிக்கிழமை வகுப்பு வையுங்கள். எங்கள் அம்மாக்கள் கூட்டிக்கொண்டு வருவார்கள். இந்தியிலிருந்து வருபவனுக்கு எந்த எழுத்து எங்கே தடுக்கும் என்று தெரிந்த ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். அந்த ஓராண்டுக்கு மட்டும் தமிழ்த் தேர்வை வாய்மொழியாக வையுங்கள். தெரிந்த குறளைச் சொல்லவாவது அவனுக்கு ஒரு வழி கிடைக்கும்.

ஒன்பதாம் வகுப்பிலும் அதற்கு மேலும் வந்து சேரும் படைவீரர் பிள்ளைக்கு விலக்குப் படிவத்தை நீட்டுவதற்கு முன், இந்த வகுப்பில் சேர விருப்பமா என்று கேட்க வேண்டும் என ஓர் ஆணை பிறப்பியுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் அது வந்தால், அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதப்போகும் என் தம்பிக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் நேரத்துக்குப் பயன்படும். தயவுசெய்து செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மகள்,
வேலூர் மாவட்டம்