கையைப் பார்

அன்புள்ள செந்தில்,

எப்படி இருக்கிறாய்? பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே எல்லாரும் சுகம். உன் பேச்சு வந்தாலே அம்மா அந்தப் பரோட்டா கதையைத்தான் எடுக்கிறார். பொங்கல் வாழ்த்துக்குக்கூடப் பதில் போடாத ஆளுக்கு இந்த விசாரிப்பு போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம்தான் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி முடிந்து வந்தேன். இந்த முறை முராய் நகர்ப்புறப் பயிற்சித் தளத்தில், கட்டடத்துக்குள் நுழையும் பயிற்சி. அடிப்படைப் பாடம்தான், ஆனால் மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஆரம்பத்தில் ஓடவே விடவில்லை. நடைதான். ஒரு கதவு, நான்கு பேர், மறுபடி மறுபடி. வாசலில் நிற்பதுதான் இருப்பதிலேயே மோசம். உள்ளே இருப்பவன் குறி அங்கேதான் இருக்கும். நீ நின்றுவிட்டால் பின்னால் வருகிறவனுக்கும் வழியில்லை. அதனால் வெளியிலிருந்தே அரை அடி, அரை அடியாக நகர்ந்து, அறையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துவிட வேண்டும். எவ்வளவு பார்த்தாலும் கதவை ஒட்டிய மூலை தெரியாது. அதற்குத்தான் உள்ளே பாய்வது. முதல் ஆளுக்கு ஒரு மூலை, இரண்டாம் ஆளுக்கு எதிர் மூலை. அடுத்தவன் சரியாகப் பார்க்கிறானா என்று நீ திரும்பினாய் என்றால் உன் மூலை காலி. துப்பாக்கி முனை கூட்டாளியின் முதுகைத் தொட்டுப் போகக் கூடாது. சுடுவது என்று முடிவாகும்வரை விரல் விசைக்கு வெளியே. நம் துப்பாக்கி எஸ்ஏஆர் 21 நீளம் 80 செண்டிமீட்டர் சொச்சம்தான். அந்த அருமை குறுகலான நடைபாதையில் திரும்பும்போதுதான் தெரிகிறது.

அப்புறம் நம்ம வெய் மிங். டெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சியின்போது அவனை எவ்வளவு ஓட்டியிருப்பாய், 'மெதுவடை' என்று! ஓர் அறையில் ஒரு பெண்ணின் உருவப்பலகை, கையில் கறுப்பாக என்னவோ. அவன்தான் முதல் ஆள். விரல் அசையவே இல்லை. "கைபேசி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தன் மூலைக்குப் போய்விட்டான். முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்று சொல்லித் தருகிறார்கள். ஆபத்து கையிலிருந்துதான் வரும். ஒரு நொடிக்குள் அதைப் பார்த்து, சுட வேண்டாம் என்று முடிவெடுத்தானே, இந்தப் பயிற்சி முழுக்க அதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

கடத்தப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்கியூ117 ஞாபகம் இருக்கிறதா? 1991 மார்ச் 27, விடிகாலை, சாங்கி. நம் கமாண்டோக்கள் விமானத்துக்குள் புகுந்து முடித்தது ஏறக்குறைய 30 வினாடியில். கடத்தல்காரர்கள் நான்கு பேரும் செத்தார்கள்; அந்த அதிரடியில் பயணி ஒருவருக்கும் காயமில்லை. வேகம், வேகம் என்றுதான் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். அத்தனை இருக்கைக்கு நடுவில் யார் எவர் என்று பிரித்துப் பார்த்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

வீட்டுக்கு வந்தும் விடவில்லை. நம் வீவக அடுக்குமாடி வீட்டில் கதவைத் திறந்ததும் ஹால், சோபாவுக்குப் பின்னால் ஓர் ஆள் மறைய இடம், ஷெல்டர் என்கிற பாதுகாப்பு அறையின் இரும்புக் கதவு வேறு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே பாட்டியும் பிள்ளைகளும் இருந்தால் எப்படி நுழைவது? தூக்கம் வரவில்லை, செந்தில்.

கவலை என்னவென்றால், அக்கா மகனுக்கு அடுத்த வருடம் டெக்கோங். நாள் முழுக்க போனில் சுடும் விளையாட்டு. கதவை உதைத்து உள்ளே போய் அசைவதையெல்லாம் சுட வேண்டும், அவ்வளவுதான் என்கிறான். நான் சொன்னால் 'சரி மாமா' என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விடுகிறான். நீ சொன்னால் கேட்பான், உன் மேல் அவனுக்கு அப்படி ஒரு மரியாதை. டிசம்பரில் வருகிறாய்தானே? ஒரு நாள் அவனைத் தேக்காவுக்குச் சாப்பிடக் கூட்டிப் போய்ப் பேசு. வெய் மிங்கையும் வரச் சொல்கிறேன். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது.

அன்புடன்,
ரவி