பதாதையில் இல்லாத பிள்ளைகளின் வீட்டுக்கு யார் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டால், எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் கல்லாற்றிலிருந்து செங்கலடி வரை வீதியோரம் எல்லாம் பிள்ளைகளின் முகங்கள்தான். பாடசாலை மதிலில் ஒரு பதாதை, எதிரே ரியூசன் நிலையத்தின் பதாதை. சில இடங்களில் இரண்டிலும் ஒரே பிள்ளை! அந்த வாரம் உங்கள் பத்திரிகையும் அப்படித்தான் இருக்கிறது.

நான் ஆசிரியராகவும் பிறகு பிரதி அதிபராகவும் இருந்த காலம் முழுக்க, பாடசாலைக்காக எழுதும் வேலை என் தலையில்தான் விழுந்தது. பரிசளிப்பு விழா அழைப்பிதழ், இல்ல விளையாட்டுப் போட்டிச் செய்தி, பழைய மாணவர் சங்கத்துக்குக் கடிதம், பெற்றோருக்கு அறிவித்தல், எல்லாம். இப்போது அதற்கு ஊடகப் பிரிவு என்று பெயர். மாணவர்களே கமெராவோடு திரிகிறார்கள், பார்க்கச் சந்தோஷம். எங்களிடம் இருந்தது பிரதி எடுக்கும் ஒரு ரோனியோ மெசினும் கை நிறைய மையும். மட்டக்களப்புக்கு ரயில் வராத காலத்தில், செய்தியைக் கார்பன் வைத்து எழுதி, கொழும்புக்குப் போகிற யாராவது ஒருவரிடம் கொடுத்துவிடுவோம். அச்சில் வரும்போது விழாப் பந்தலைக் கழற்றிப் பல நாள் ஆகியிருக்கும். அதையும் சனம் வாசித்தது.

ஆனால் எங்கள் அதிபருக்குப் பத்திரிகைச் செய்தி பெரிதில்லை. பெறுபேறு வந்த அன்று முதலில் கடிதம் போக வேண்டியது வெட்டுப்புள்ளிக்கு, அதாவது தெரிவாகத் தேவையான குறைந்த புள்ளிக்கு, கீழே நின்ற பிள்ளைகளின் வீட்டுக்கு என்பார். 200 புள்ளிக்கு நடக்கும் இந்தப் பரீட்சை வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுக்கவும், பெரிய பாடசாலைகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யவும்தான்; வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்; உங்கள் பிள்ளை வழமைபோல தரம் 6க்குப் போகிறது; இன்ன ஆசிரியரை வந்து சந்தியுங்கள். கடிதத்தில் இவ்வளவுதான் விஷயம். பல தாய்மார் மத்திய கிழக்கில் இருந்தார்கள், வீட்டில் வாசிப்பது அம்மம்மாதான். அதனால் சின்னச் சின்ன வசனமாக எழுதுவேன். ஒரு அம்மம்மா கடிதத்தோடு அலுவலகத்துக்கே வந்து, “அப்ப இவன் பெயில் இல்லையா சேர்?” என்று கேட்டார். பொடியன் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றான்.

இன்றைக்கு வட்ஸ்அப் குழுவில் பத்து வயதுப் பிள்ளைகளின் படங்கள் வந்து விழுகின்றன. அதே குழுவில்தான் மற்றப் பிள்ளைகளின் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வரி இல்லை. ஒரு மாவட்டத்தில் பதாதையில் ஏறும் புள்ளி, இன்னொரு மாவட்டத்தில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே போய்விடும் என்பதையாவது அதிபர்கள் எழுதிப் போடலாம்தானே? ரியூசன்காரர் அதை எழுதமாட்டார். அவருக்கு அடுத்த வருஷ வகுப்பு நிரம்ப வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். படம் அனுப்பும் பாடசாலையிடம், எத்தனை பிள்ளைகள் பரீட்சைக்குத் தோற்றினார்கள், மற்றவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று இரண்டு வரி கேளுங்கள். தராவிட்டால் படத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.

ஓய்வுநிலைப் பிரதி அதிபர்,
களுவாஞ்சிகுடி.