பங்கு ஏறியும் பிரீமியம் ஏன் இறங்கியது?

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வரன் அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும் இன்னும் பகைதான்.

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். கம்பெனியின் காலாண்டு முடிவு வெளியாவதற்கு முந்தைய நாள், 1,000 ரூபாயில் இருந்த பங்குக்கு 1,020 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை, அதாவது பங்கை 1,020-க்கு (அதுதான் ஸ்ட்ரைக்) வாங்கும் உரிமையை, 35 ரூபாய் பிரீமியம் கொடுத்து வாங்கினாய். மறுநாள் பங்கு 1,012-க்கு ஏறியது, கால் ஆப்ஷன் 15-க்கு இறங்கியது. யாரோ விளையாடுகிறார்கள் என்கிறாய். யாரும் விளையாடவில்லையடா.

ஊரில் நிலத்துக்கு அட்வான்ஸ் போடுவதை நினைத்துக்கொள். பேசிய விலைக்குக் கெடுவுக்குள் கிரயம் செய்துகொள்ளும் உரிமை அது. கெடு நீளமானால் நிலக்காரர் கூடுதலாகக் கேட்பார். பைபாஸ் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினால் இன்னும் கூடுதலாகக் கேட்பார். சாலை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த அன்றே அந்தப் பரபரப்பின் விலை கரைந்துபோகும். (நில அட்வான்ஸாவது கிரயத்தில் கழியும். பிரீமியம் போனால் போனதுதான்.)

உன் 35 ரூபாய் முழுக்க இந்தக் கெடுவுக்கும் பரபரப்புக்கும் கொடுத்ததுதான். பங்கு 1,020-ஐத் தாண்டவே இல்லையே, அதில் உள்ளார்ந்த மதிப்பு என்று ஒரு பைசா கிடையாது. கடைசிவரை வைத்திருந்தாலும் கெடு முடியும் எக்ஸ்பைரி அன்று பங்கு 1,055-க்கு மேல் முடிந்தால்தான் உனக்கு லாபம்.

ஆப்ஷன் விலையைக் கணக்கிடும் பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் 1973-இல் வந்தது. அதற்கு ஐந்து விவரம் வேண்டும்: பங்கு விலை, ஸ்ட்ரைக், மீதி நாள், வட்டி, ஏற்ற இறக்கத்தின் வேகம். முதல் நான்கும் கண்ணுக்குத் தெரிபவை. ஐந்தாவது வெறும் ஊகம். சந்தை கொடுக்கும் பிரீமியத்திலிருந்து அந்த ஊகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் வருவதுதான் ஐவி (இம்ப்ளைட் வொலட்டிலிட்டி). உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்பைரிக்கு 12 நாள் இருக்கும்போது நீ வாங்கியது சுமார் 60 சதவீத ஐவியில். மறுநாள் அது 25. ஐவி ஆண்டுக் கணக்கு, ஒரு நாள் கணக்காக்க 16-ஆல் (ஓர் ஆண்டின் வர்த்தக நாள்களின் வர்க்கமூலம் ஏறக்குறைய அவ்வளவு) வகுத்துப் பார்: ஒரு நாளைக்கு 4 சதவீதம் போல ஆடும் என்று பணம் கட்டினாய். முடிவு வந்ததும் சந்தை ஒன்றரை போதும் என்றுவிட்டது. பங்கு ஏறிய 12 ரூபாயால் அந்த அடியைத் தாங்க முடியவில்லை.

இதற்கு மேல் நாளும் தின்னும். நடப்பு விலையை ஒட்டிய ஸ்ட்ரைக்கில் நான்கு வார ஆப்ஷன் ஒரு வார ஆப்ஷனைவிட நான்கு மடங்கு இருக்காது, ஏறக்குறைய இரண்டு மடங்குதான். பங்கு அசையாமல் கிடந்தால் பாதிப் பிரீமியம் கடைசி வாரத்தில்தான் கரையும். எக்ஸ்பைரி நெருங்கும்போது ‘சல்லிசாக இருக்கிறது’ என்று வாங்கி நானும் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

சூத்திரம் தெரிந்தால் மட்டும் பணம் வந்துவிடாது. அதற்காக 1997-இல் நோபல் பரிசு வாங்கிய ஷோல்ஸும் மெர்ட்டனும் பங்குதாரர்களாக இருந்த நிதி நிறுவனமே அடுத்த ஆண்டு கவிழ்ந்தது. இங்கே 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்லியிருக்கிறது.

அடுத்த தடவை வாங்குமுன் ஆப்ஷன் செயினில் (எல்லா ஸ்ட்ரைக்குக்குமான விலைப் பட்டியல்) ஐவி பத்தியைப் பார். ஒரு மாதமாக அது எங்கே இருந்தது என்றும் பார். கையில் இருக்கும் கால் ஆப்ஷன் உன் இஷ்டம், நானாக இருந்தால் 15-க்கே கொடுத்துவிடுவேன். கல்யாணப் பணத்தை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவராதே. பத்திரிகை அச்சானதும் அனுப்பு, இப்போதே டிக்கெட் போட வேண்டும்.

உன்,
பழைய கடைசி பெஞ்ச்