அந்தக் கடைசி இலக்கம்

தங்கச்சிமடம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? தங்கச்சி, பிள்ளைகள் எல்லோரும் சுகமா? உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் ஆறு மாதம் ஓட்டிவிட்டேன், தப்பு என்னுடையதுதான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலில் இறங்கிவிட்டதால் ஐஸ் கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை. அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. அப்பாவின் புல்லட்டை எழுப்பி நிறுத்திவிட்டேன்! பரமக்குடி மெக்கானிக் நாலு மாதம் பாடுபட்டார். உப்புக்காற்று தின்றது போக மிச்சமிருந்ததே பெரிய விஷயம். 1973 வண்டி, ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. விண்டேஜ் வாகனம் என்று பதியலாம். வண்டியின் பழைய எண் போய்விடுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். 2021-இல் வந்த விதியைத் தேடிப் படித்தேன். புதிதாகப் பதிகிற பழைய வண்டிக்குத்தான் 'விஏ' என்ற தனி வரிசை. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். படித்ததும் உன்னைத்தான் நினைத்தேன்.

அப்பா வண்டி வாங்கியபோது சிவகங்கையும் விருதுநகரும் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தன. 1985-இல்தான் மூன்றாகப் பிரித்தார்கள். 1989 ஜூலையில் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் டிஎன் என்ற முன்னெழுத்து வந்தது. இப்போது நமக்கு 65, சிவகங்கைக்கு 63, விருதுநகருக்கு 67. அதற்கு முன்னால் மூன்று எழுத்து, அப்புறம் எண், அவ்வளவுதான். சொந்த வண்டிக்குக் கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. அந்தோணி அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் எழுதுவாரே, நாம் இரண்டு பேரும் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்போமே! இப்போது அலுமினியத் தகட்டில் அச்சடித்து, மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம் ஒட்டி, லேசரில் ஒரு எண்ணும் போட்டு வருகிறது. பூட்டைக் கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது. திருட்டுக்கு நல்ல தடைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணனின் '7' மாதிரி, கால் கொஞ்சம் வளைந்த ஒரு '7' இனி எங்கே கிடைக்கும்?

பாலத்து முனை டீக்கடையில் யாத்திரை வண்டிகளை எண்ணி விளையாடினோமே, அதை இப்போது பேரனோடு விளையாடுகிறேன். ஒடிசா 'ஓஆர்' விட்டு 'ஓடி' ஆகிவிட்டது. தெலங்கானா முதலில் 'டிஎஸ்', 2024-இலிருந்து 'டிஜி'. உச்சிப்புளிப் பக்கம் 'பிஎச்' என்ற பாரத் வரிசை வண்டியும் கண்ணில் படுகிறது, அதில் வருடம்தான் முதலில் வரும். ஐ, ஓ இரண்டு எழுத்தும் மாவட்ட எண்ணுக்கு அடுத்த எழுத்து வரிசையில் ஏன் இல்லை என்று பேரன் கேட்டான். 1, 0 என்று குழம்பிவிடும் என்றேன். ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். நீ அந்த விளையாட்டில் ஒரு நாளாவது ஜெயித்திருக்கிறாயா?

ஒரு எண்ணுக்காக ஏன் இவ்வளவு தவிக்கிறான் என்று நினைப்பாய். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தது. இலங்கை நேவியிடம் ஒரு போட்டு பிடிபட்டது என்றார்கள். யாருடையது என்று தெரியாது, எண் மட்டும்தான் வந்தது. ஐஎன்டி, டிஎன், 10, எம்எம், அதற்கப்புறம் வரும் எண்ணுக்காகக் கரையில் பெண்கள் நின்ற நிற்பை நீ பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு முகமாகத் தெளிந்தது. கடைசியில் ஒருத்தி மட்டும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். சூசை மாமா போட்டு இல்லை. ஆனால் அன்றைக்கு யாருக்கும் தூக்கமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் ஆர்சி புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டது. மூன்று எழுத்தும் 371-உம் தெரிகிறது. கடைசி இலக்கம் மூன்றா, எட்டா? பின்பக்கப் பலகையும் துருப்பிடித்து அந்த இடத்தில் ஓட்டை. அம்மாவைக் கேட்டால் ஒரு நாள் மூன்று என்கிறாள், மறுநாள் எட்டு என்கிறாள். அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடலாம், ஆனால் மனுப் போட எண் தெளிவாக வேண்டும்.

1979-இல் உன் அக்கா கல்யாணத்தன்று உங்கள் வாசலில் எடுத்த படம் ஞாபகம் இருக்கிறதா? அப்போது நம் ராமேசுவரம் தீவுக்கு ரோட்டுப் பாலம் ஏது? மண்டபத்தில் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்த வண்டி அது. படத்தில் அது பக்கவாட்டில் நிற்கும். அந்தக் காலத்து முன் மட்கார்டு மேலே பலகை கத்தி மாதிரி நீளவாக்கில் நிற்குமே, இரண்டு பக்கமும் எண் எழுதி? அதனால் அது படத்தில் விழுந்திருக்கும். உன் மாமனார் காலை நீட்டிக்கொண்டு மறைக்காமல் இருந்தால் சரி.

படத்தை ஆல்பத்திலிருந்து பிரிக்காதே, கிழிந்துவிடும். அப்படியே பகல் வெளிச்சத்தில் வைத்து, மட்கார்டு பக்கம் மட்டும் கிட்டத்தில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. இன்றைக்கே அனுப்பு மாப்ளே. பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்
மச்சான்