இறக்கத்தைப் பற்றி ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கரடுமுரடான பாதைக்கு ஏற்ற எஸ்.யூ.வி.கள் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. படம் பிரமாதம், சேற்றை வாரி இறைத்துக்கொண்டு மேடு ஏறுகிற வண்டி. குதிரைசக்தி எவ்வளவு, தொடுதிரை எத்தனை அங்குலம், கூரை திறக்குமா, சீட்டுக்குள் குளிர்காற்று வருமா, எல்லாம் எழுதியிருந்தார்கள். ஏறின வண்டி எப்படி இறங்கும் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். ஏலக்காய்த் தோட்டம் சாந்தன்பாறைப் பக்கம், கேரளத்தில். போடியில் பலருக்கும் இப்படித்தான்: வீடு கீழே, பிழைப்பு மேலே. முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, அப்புறம் பூப்பாறை, அங்கிருந்து இடதும் வலதுமாகக் கொஞ்ச தூரம். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு மூன்றரை கிலோமீட்டர் மண் பாதை. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அதைப் பாதை என்று சொல்ல மனசு வராது. செம்மண் களி, மேலே மெழுகு பூசின மாதிரி ஒரு பாசி. செருப்புப் போட்டு நடந்தால் செருப்பு பின்னால் நின்றுவிடும்.

விடிகாலையில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் தெரியும், தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஜீப்பாக மலை ஏறும். தூக்குவாளி, கம்பளி, பின்னால் தொங்குகிற ஆட்கள் என்று வண்டி பிதுங்கும். அளவுக்கு மீறி ஏற்றுகிறார்கள், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த ஓட்டுநர்களுக்கு மலை தெரியும். எங்கள் அப்பாவிடம் ஜீப் ஓட்டிய அண்ணன் ஒருவர்தான் எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். முதல் நாளே சொன்னார்: "தம்பி, ஏத்தத்த வண்டி பாத்துக்கும். எறக்கத்த நீதான் பாக்கணும். எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு." முப்பது வருடம் ஆகிவிட்டது, இதைவிட நல்ல வாகன விமர்சனம் நான் படித்ததில்லை.

அந்த ஜீப்பில் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி உண்டு. நாலு சக்கரமும் இழுக்க வைப்பதும், லோ கியரில் போடுவதும் அதுதான். லோவில் போட்டால் எஞ்சின் அதே வேகத்தில் சுற்றும், சக்கரம் பாதி வேகத்தில் உருளும். ஏறும்போது இழுவை இரட்டிப்பாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். ஃபர்ஸ்ட் கியரில் விட்டு, கால் இரண்டையும் பெடலிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டால் வண்டி கிழவி படி இறங்குகிற மாதிரி ஒவ்வொரு அடியாக இறங்கும். எஞ்சின் பிடிக்கிற பிடி நாலு சக்கரத்துக்கும் பகிர்ந்து போவதால் ஒரு சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு வழுக்குவது குறைவு. பிரேக்கைத் தொட வேண்டியதே இல்லை. தொடக்கூடாது என்றே சொல்வேன்.

அப்பா காலத்து ஜீப் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு நிற்காத நிலைக்கு வந்ததும் 2023-ல் புது வண்டி தேடினேன். மூன்று வண்டி மனசில் இருந்தது. ஃபோர்ஸ் கூர்க்கா பரம முரடு. முன் பின் இரண்டு அச்சிலும் டிஃபரன்ஷியலை, அதாவது இரு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கிற பல்சக்கரப் பெட்டியை, பூட்டிக்கொள்ளும் வசதி கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. ஒரு பக்கச் சக்கரம் அந்தரத்தில் சுற்றினாலும் மறுபக்கச் சக்கரம் இழுக்கும். மஹிந்திரா தார், 2020 அக்டோபரில் வந்த புது வடிவம், தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம், 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகும் என்று கம்பெனியே சொல்கிறது. நண்பர் ஒருவரின் டீசல் தாரை இரண்டு நாள் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். இழுவை என்றால் அது இழுவை. மனசு அதில்தான் போய் நின்றது.

குறுக்கே வந்தது எங்கள் கேட்.

தோட்டத்து வாசலில் அப்பா கட்டிய இரண்டு கருங்கல் தூண். ஜீப்புக்கு அளவெடுத்துக் கட்டியது. டேப் வைத்துப் பார்த்தேன்: தூணுக்குத் தூண் சரியாக ஆறடி. தாரின் அகலம் 1820 மில்லிமீட்டர், கண்ணாடி சேர்க்காமல். அதாவது ஆறடியில் மிச்சம் அரை அங்குலம்கூட இல்லை. பக்கத்துக்குக் கால் அங்குலம்கூட இல்லாத இடைவெளியில் தினம் இரண்டு முறை வண்டியை நுழைக்க நான் என்ன சர்க்கஸ்காரனா? என் மனைவி, "கேட்ட இடிச்சுக் கட்ட எவ்வளவு ஆகும்னு கேளுங்க, அதுக்காகவா வண்டிய மாத்துவீங்க" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட் மட்டும் இல்லையே, அதற்கு அப்புறம் வருகிற பாதை முழுக்க அந்த அகலத்துக்குத்தான். ஒரு பக்கம் கல் அடுக்கிய சுவர், மறுபக்கம் ஏலச்செடியோடு சரிகிற பள்ளம். பாதையை அகலப்படுத்தினால் மழைக்கு மண் சரியும்.

ஆகவே மாருதி ஜிம்னி. அகலம் 1645 மில்லிமீட்டர், ஐந்தடி ஐந்து அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எந்த வகையை வாங்கினாலும் நாலு சக்கர இழுவையும் லோ கியரும் கூடவே வருகின்றன, தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அந்தக் குட்டிக் கம்பி அப்படியே இருந்தது. ஷோரூமில் உட்கார்ந்து நான் முதலில் தொட்டுப் பார்த்தது அதைத்தான். விற்பனைப் பையன் டச் ஸ்கிரீனைக் காட்டிக்கொண்டே இருந்தான்.

குறையே இல்லாத வண்டி என்று சொல்ல மாட்டேன். பெட்ரோல் வண்டி, ஒன்றரை லிட்டர் எஞ்சின், பழைய டீசல் ஜீப்பின் இழுவை பழகியவனுக்கு முதல் மாதம் கை நமநமவென்று இருக்கும். மலையில் எனக்கு லிட்டருக்குப் பத்து, பதினொன்று கொடுக்கிறது. நாலு பேர்தான் உட்காரலாம். பின்சீட்டை மடக்கினால் காய் மூட்டை இரண்டு ஏறும், மூன்றாவதை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். காய் எடுப்புச் சமயத்தில் காய் உலர்த்துகிற ஸ்டோரிலிருந்து போடி ஏலக்காய் ஏல மையத்துக்குச் சரக்குக் கொண்டு போக வாடகைப் பிக்கப்தான். தெரிந்தேதான் வாங்கினேன்.

இப்போது கடிதத்தின் நடுமுதுகுக்கு வருகிறேன். என் மைத்துனர் மகன் மதுரையில் வேலை பார்க்கிறான். போன வருடம் ஒரு பெரிய எஸ்.யூ.வி. வாங்கினான். எந்த வண்டி, எந்த ஷோரூம் என்று சொல்லப்போவதில்லை. பார்த்தால் காட்டு யானை மாதிரி நின்றது. முரட்டு டயர், பின்கதவில் ஸ்டெப்னி. ஆடி மாதம் மழை பெய்துகொண்டிருந்தபோது தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். கேட்டுக்கு வெளியே, கடைசி இறக்கத்துத் தலையில் நான் நிறுத்தச் சொன்னேன். "மாமா, இது எஸ்.யூ.வி. மாமா" என்றான்.

இருபது அடி இறங்கியிருப்பான். வண்டி வேகம் எடுத்தது. பிரேக் மிதித்தான். மூக்கு நேராக இருக்க வால் மட்டும் பள்ளத்துப் பக்கம் நகர ஆரம்பித்தது, மெதுவாக, யாரோ கையால் தள்ளுகிற மாதிரி. சத்தமே இல்லை. அதுதான் பயம். பின்சக்கரம் விளிம்பைத் தாண்டுவதற்கு முன்னால் ஒரு சில்வர் ஓக் மரம் பக்கக் கதவில் முட்டி நிறுத்தியது. அந்த மரத்தை மிளகுக் கொடி ஏற்றுவதற்காக நட்டது என் அம்மா.

இறங்கிப் போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். "லோவுல போட வேண்டியதுதானே மாப்ளே?" என்றேன். "லோன்னா?" என்றான். குட்டிக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் சில்லறை போட்டுவைக்க ஒரு குழி. அதில் டோல் ரசீதும் ஒரு சூயிங்கம்மும் கிடந்தன. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வகை அது. வாங்கும்போது சொன்னார்களா என்று கேட்டேன். "ரெண்டு மாடல் இருக்கு, இது ரெண்டு மூணு லட்சம் கம்மின்னாங்க மாமா. வித்தியாசம் பெருசா இல்லைன்னாங்க."

ஒரே தோற்றத்தில் இரண்டு வகை விற்பதில் தப்பில்லை. இங்கே பல வண்டிகள் அப்படித்தான் வருகின்றன. தார், ஸ்கார்பியோ-என் இரண்டிலுமே இரண்டு வகையும் உண்டு. ஊருக்குள்ளும் நாலுவழிச் சாலையிலும் ஓட்டுகிறவருக்கு நாலு சக்கர இழுவை வெறும் சுமைதான், எடை கூடும், எரிபொருள் கூடும். அவர்கள் மலிவான வகையை வாங்குவதே புத்திசாலித்தனம். ஆனால் "வித்தியாசம் பெருசா இல்லை" என்று சொன்ன வாய் இருக்கிறதே, அந்த வாயை எங்கள் இறக்கத்தில் ஒரு ஆடி மாதம் நிறுத்திவைக்க வேண்டும்.

லோ கியர் இருந்தால் வழுக்கவே வழுக்காது என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் களியில் என் வண்டியும் ஒரு முறை அரை அடி நகர்ந்திருக்கிறது. ஆனால் மெதுவாக இறங்குகிற வண்டி நகர்ந்தால் திருத்த நேரம் இருக்கும். டயரும் பாதி வேலை பார்க்கிறது. மண் பாதை தொடங்குகிற இடத்தில் நான் காற்றை ஐந்தாறு பவுண்டு குறைத்துவிடுவேன், டயர் கொஞ்சம் சப்பையாகி அகலமாகப் பிடிக்கும். திரும்பித் தார் ரோட்டுக்கு வந்ததும் சிகரெட் லைட்டரில் மாட்டுகிற சின்னப் பம்பால் அடைத்துக்கொள்வேன். பத்து நிமிட வேலை, அதற்குள் பூப்பாறையில் ஒரு கட்டன் சாயா.

இன்னொன்று, நாலு சக்கர இழுவை வண்டி புதிதாக வாங்குகிறவர்கள் பெருமைக்காகத் தார் ரோட்டிலும் அந்தக் கம்பியைப் போட்டே ஓட்டுகிறார்கள். போடிமெட்டில் ஒருவர் வந்து, "வளைவில் திரும்பும்போது வண்டி குதிக்கிறது, ஸ்டீயரிங் இறுகுகிறது" என்று என்னிடமே புலம்பினார். திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் உருள வேண்டும். இந்த வகை வண்டியில் இரண்டு அச்சையும் சேர்த்துப் பூட்டிவிட்டால் அதற்கு வழியில்லை. சேற்றில் டயர் கொஞ்சம் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் எங்கே சறுக்கும்? உள்ளே பல்சக்கரம்தான் அடிபடும். கம்பியை இரண்டு சக்கர இழுவைக்குத் தள்ளிவிட்டேன், வண்டி சாதுவாகிவிட்டது. மனிதர் கையெடுத்துக் கும்பிடாத குறை.

மழைக்காலம் முடிந்ததும் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் கட்டுரையாளரை. ஓடைத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கும். மாற்றாமல் விட்டால் அடுத்த மழைக்குள் பேரிங் பாடும். முன்னால் இரும்புக் கம்பி கட்டுவது, கூரையில் வரிசையாக விளக்கு போடுவது, இதற்கெல்லாம் செலவழிக்கிற பையன்கள் நூற்றில் ஒருவர்கூட இந்த ஆயிலைப் பார்ப்பதில்லை. முன்கம்பி சட்டப்படி கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, அது வேறு விஷயம்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது சின்ன உபகாரம். இனி எஸ்.யூ.வி. பற்றி எழுதும்போது நாலு சக்கர இழுவை உண்டா, லோ கியர் உண்டா, எந்தெந்த வகையில் இல்லை, கண்ணாடி விரித்தால் அகலம் எவ்வளவு, இந்த நாலையும் விலைக்குப் பக்கத்தில் போடுங்கள். தொடுதிரை அங்குலத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும். சோதனை ஓட்டத்துக்கு மேடு மட்டும் ஏறாமல், ஒரு மழை நாளில் இறங்கியும் பாருங்கள். இடம் வேண்டுமென்றால் எங்கள் தோட்டம் இருக்கிறது, மதியச் சாப்பாடும் உண்டு.

மைத்துனர் மகனின் வண்டியைப் பழைய ஜீப் ஒன்றில் கயிறு கட்டித்தான் மேலே இழுத்தோம். ஜீப்காரர் 1500 ரூபாய் வாங்கிக்கொண்டார். சிரித்ததற்குத் தனியாக ஒன்றும் கேட்கவில்லை. கதவைச் சரிசெய்து இன்னும் அதே வண்டியைத்தான் வைத்திருக்கிறான், மதுரை ரோட்டுக்கு அது நல்ல வண்டிதான். மேலே வரும்போது மட்டும் போடியில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு என்னோடு ஏறிக்கொள்கிறான். அந்தக் கடைசி இறக்கம் வந்ததும் நான் குட்டிக் கம்பியை லோவில் தள்ளிவிட்டுக் காலை எடுத்துவிடுவேன். பக்கத்து சீட்டில் அவன் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும், கேட் வரைக்கும்.

இப்படிக்கு,
ஓர் ஏலத்தோட்டக்காரன்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.