பழைய கணினியில் நான்கு வரிகள்

பட்டுக்கோட்டை,
ஐப்பசி 9.

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் உன் பழைய கணினியும் நலம். கணினி நலமாகி நான்கு நாள்தான் ஆகிறது என்பதால் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மின்னஞ்சல் இப்போது திறக்கிறது. ஆனால் தட்டச்சு செய்தால் பாதியிலேயே அழித்துவிடுவேன் என்று தோன்றியதால் தாளில் எழுதுகிறேன்.

புரட்டாசிக் கடைசியில் மின்கட்டணம் கட்ட உட்கார்ந்தபோது கட்டணப் பக்கமும் திறக்கவில்லை, வங்கியும் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்ற எச்சரிக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் வந்து நின்றது. முப்பத்து நான்கு ஆண்டுகள் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன், கையில் பணத்தோடு கவுண்டர் வரிசையில் போய் நின்றேன். உன்னைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசும்போது கேட்டுவிடலாம் என்று கூடத்தில் நின்றுகொண்டும் இருந்தேன். அதற்குள் தென்னைக்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டிய நேரமாகிவிட்டது. சித்திரையில் நடந்த பேச்சை நான் இங்கே எடுக்கவில்லை. கணினியைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

கம்பத்தில் ஏறுவதற்கு முன் எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார் என்று, புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் சொல்வது உனக்குத் தெரியும். அதையேதான் இங்கும் செய்தேன். அதே வைஃபையில் என் கைபேசியில் எல்லாத் தளங்களும் திறந்தன. ஆகவே லைனிலும் மோடத்திலும் பழுதில்லை. மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்க, நீ நோட்டில் எழுதிக்கொடுத்திருந்தபடி கருப்புத் திரையில் பிங் 8.8.8.8 என்று அடித்தேன், நான்கு பதில்களும் வந்தன. எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் கொடுத்தபோதும் பதில் வந்தது. பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சரியாக இருக்கிறது என்று அதற்குப் பொருள் என்பதும் உன் கையெழுத்தில் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. முகவரிக்கு முன்னால் பூட்டுக்குறி இல்லாத பழைய தளங்கள் ஒன்றிரண்டு மட்டும் ஒழுங்காகத் திறந்ததுதான் என்னைக் குழப்பியது. இரண்டு நாள் கழித்துத் தற்செயலாகத் திரையின் வலது மூலையைப் பார்த்தேன். 2009 ஜனவரி 1 என்றிருந்தது.

எதிர்வீட்டு டீச்சர் மகன் சரவணன்தான் விளக்கினான். பூட்டுக்குறி உள்ள ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறதாம். அது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைதான் செல்லுமாம். 2009-இல் நின்றுகொண்டு பார்க்கும் கணினிக்கு அவை யாவும் இன்னும் பிறக்காத சான்றிதழ்கள். அதனால் எதையும் நம்ப மறுக்கிறது. மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரத்தை நிறுத்தியதும் கடிகாரம் பழைய தேதிக்கே போய்விடும். நீ ஊரில் இல்லாததால் இந்தக் கணினியை மாதக்கணக்கில் யாரும் போடுவதில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சிஆர் 2032 என்ற அந்தப் பேட்டரியைக் கடைத்தெருவில் வாங்கி வந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானே மாற்றினேன். இருபது மில்லிமீட்டர் அகலம், ஒரு ரூபாய் நாணயத்தைவிடத் தடித்தது, அவ்வளவுதான். கஜா புயலுக்குப் பிறகு இரவு பகலாகக் கம்பம் நட்ட கைக்கு, அந்தச் சிறிய கிளிப்பை உடைக்காமல் நகர்த்துவதுதான் கடினமாக இருந்தது. தேதியை விண்டோஸுக்குள் திருத்த முடியவில்லை. நான் எதையாவது கெடுத்துவிடுவேன் என்று 2014-இல் எனக்கெனத் தனிக் கணக்கு திறந்து, அதிகாரங்களை எல்லாம் நீ உன்னிடமே வைத்துக்கொண்டாய் அல்லவா? ஆகையால் தொடங்கும்போதே டெலீட் விசையை அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸ் திரைக்குள் போய் மாற்றினேன். மறுநிமிடம் வங்கி திறந்தது. அம்மா பாயசம் வைத்தாள். இந்த வித்தையெல்லாம் எனக்கு உன்னிடமிருந்து வந்தது என்று சரவணனிடம் சொன்னேன். பையன் உன்னைப் பற்றி நிறையக் கேட்டான். நீயும் உன் வீட்டில் ஏதாவது திறக்கவில்லை என்றால் முதலில் கடிகாரத்தைப் பார். எதையும் அவசரப்பட்டுக் கழற்றிவிடாதே, எது வேலை செய்கிறது என்பதை முதலில் பார்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். புனேயில் நீ குடிபோன புது வீட்டின் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறாய் என்று டீச்சர் சொன்னார். வீடு மாறியதே எனக்கு அப்போதுதான் தெரியும். கண் அறுவைக்குப் பிறகு கைபேசியில் படங்கள் சரியாகத் தெரிவதில்லை. பெரிய திரையில் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். எல்லாத் தளங்களும் திறக்கின்றன, அது மட்டும் திறக்கவில்லை. கைபேசியில் திறக்கிறது, கணினியில் இல்லை. சரவணன் மோடத்தை அணைத்துப் போட்டான், பிரவுசரை மாற்றினான். நான் கருப்புத் திரையில் அந்தப் பெயரைப் பிங் செய்தேன். ஒரு மில்லிநொடிகூட ஆகாமல் பதில் வந்தது, 127.0.0.1 என்ற எண்ணிலிருந்து.

அந்த எண் எந்தக் கணினிக்கும் தன்னையே குறிக்கும் எண். ஃபேஸ்புக் எங்கே என்று கேட்டால், இதோ இந்த மேசையில்தான் என்று உன் கணினி சொல்கிறது. சரவணனுக்கு எதுவும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, நாளைக்குப் பார்ப்போம் என்று அவனை அனுப்பிவிட்டேன்.

கயல், அதைச் செய்யச் சொன்னவன் நான். நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆண்டு, 2010 தீபாவளிக்கு முன், நீ டியூஷனுக்குப் போயிருந்த நேரத்தில் பிரவுசிங் சென்டர்காரரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் அவர் அந்த எண்ணைக் கொடுத்து நான்கு வரிகள் எழுதினார்: ஃபேஸ்புக் போலவே அப்போது இருந்த ஆர்குட்டுக்கு இரண்டு, ஃபேஸ்புக்குக்கு இரண்டு. கணினி டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் அந்தக் கோப்பைத்தான் பார்க்கும் என்றார். நூறு ரூபாய் கொடுத்தேன். அன்று இரவு நீ கேட்டபோது, லைனில் கோளாறு, நம் தெரு முழுவதும் அப்படித்தான் என்றேன். லைன்மேன் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

நீ நம்பினாய். நம்பியும் விடவில்லை. இரவு பதினொரு மணிக்கு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மோடத்தின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினாய். பச்சை விளக்குகள் நின்று எரிகின்றனவா என்று தரையில் உட்கார்ந்து எண்ணினாய். நான் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தேன். நீ இன்றைக்குப் பார்க்கும் வேலையின் முதல் பாடத்தை அந்தத் தரையில்தான் கற்றாய் என்று இத்தனை நாள் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

உன் தோழி மீனா திருப்பூருக்குப் போன வருடம் அது. சென்டருக்குப் போய்ப் பார்க்கவும் நான் உன்னை விடவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள் உன்னோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். எழுதியதற்கெல்லாம் பதிலில்லை என்று அவள் சொன்னதாக அம்மா சொன்னாள். நீ கிணற்றடியில் உட்கார்ந்து அழுதபோது, போர்டு எக்ஸாமுக்கு இரண்டு மாதம்கூட இல்லை, போய்ப் படி என்று சொன்னேன். பரீட்சை முடிந்ததும் வரிகளை எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு நீ கைபேசிக்கு மாறிவிட்டாய். ஆர்குட்டையே 2014 செப்டம்பர் 30-இல் மூடிவிட்டார்கள். மீனா உனக்கு எழுதியது என்ன என்பதை, அந்த இரண்டு வரிகளை இன்று அழித்தாலும் பார்க்க முடியாது.

எனக்குத் தனிக் கணக்கு திறந்துகொடுத்த அந்த ஆண்டு நீ இந்தக் கோப்பைப் பார்த்தாயோ என்று நான்கு இரவுகளாக யோசிக்கிறேன். பார்த்துவிட்டுத்தான் ஒன்றும் கேட்காமல் இருந்தாயோ?

நேற்று நோட்பேடில் அதைத் திறந்து நான்கு வரிகளையும் அழித்தேன். சேமிக்கப் போனால், உங்களுக்கு அனுமதி இல்லை என்று வருகிறது. அட்மின் கடவுச்சொல் உன்னிடம்தான் இருக்கிறது. வேறு வழியில் உடைத்துத் தருவதாகச் சரவணன் சொன்னான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடவுச்சொல்லைத் தபாலில் எழுதி அனுப்பாதே, அம்மாவிடமும் சொல்லி அனுப்பாதே. பெரிய எழுத்து, சிறிய எழுத்து எல்லாம் அவளுக்குக் குழம்பிவிடும், அது பாதுகாப்பும் அல்ல. உன் வீட்டுக் கணினியில் கடிகாரத்தை மறக்காமல் பார்.

தென்னைக்குத் தண்ணீர் விடுவதை இந்த வாரம் சனிக்கிழமையே முடித்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா