வரி இல்லாத நகரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லட்சியச் சமூகங்கள் பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரை ஆங்கிலேயரான தாமஸ் மோர் ஒரு கற்பனைத் தீவைப் பற்றி 1516-இல் வெளியிட்ட 'உட்டோப்பியா' நூலில் தொடங்கி, ஐரோப்பாவிலேயே முடிந்துவிட்டது. காசியில் தோல் தொழில் செய்த பக்திக் கவி ரவிதாசருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

அவர் பாடிய 'பேகம்புரா' துயரமில்லாத நகரம். அந்தப் பாடல் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பில் இருக்கிறது. அங்கே சரக்குக்கு வரி என்ற கவலையே கிடையாது. (வணிகவரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான், அந்த இடத்தில் சிரித்துவிட்டேன்.) இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று எவருமில்லை. மனம்போல் உலாவலாம், அரண்மனையிலும் தடுப்பாரில்லை. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர் கேட்ட சுதந்திரம் இது.

மோரின் தீவில் தினம் ஆறு மணி நேரமே வேலை. தங்கத்தை மதிக்காமல் அதில் மலச்சட்டி செய்கிறார்கள். ரசிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் ஆடுமாடு அறுக்க அங்கேயும் அடிமைகள்! ரவிதாசரின் சாதியாரோ காசியைச் சுற்றிலும் செத்த மாடு சுமந்தவர்கள். அதை அவரே பாடியிருக்கிறார். யாருடைய கனவில் யார் வேலை செய்கிறார்கள் என்று கட்டுரையாளர் அடுத்த பகுதியில் எழுதுவாரா?

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்